தேசாதிபதி கை நனைத்த கதை

எங்கள் தெருவில் இரண்டு அரசாங்கங்கள் எதிரும் புதிருமாக இருந்தன. ஒன்று எங்கள் வீடு. ஊரில் அதற்குத் தேசாதிபதி வீடு என்று பெயர். தெருவைத் தாண்டினால் என் அத்தையின் வீடு, அது ராசா வீடு. இரண்டு வீட்டாருக்கும் வரகும் கடலையும்தான் விளைச்சல், இரண்டு கூரையும் மழைக்கு ஒழுகும். ஆனாலும் பாஸ்குத் திருவிழா நெருங்கிவிட்டால் இரண்டு வீட்டு ஆண்களும் நடக்கிற நடையே மாறிவிடும்.

பாஸ்கு என்பது ஆண்டவருடைய பாடுகளை நாடகமாக ஆடிக் காட்டுவது. விராலிமலையிலிருந்து மாட்டு வண்டியில் போகிற தூரத்தில் இருந்த எங்கள் ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் இந்துக்கள். பாஸ்கு அன்று அந்த வித்தியாசம் கிடையாது. கோயில் மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. வேஷங்கள் எல்லாம் வீட்டு வழியாக வருபவை. ரோமாபுரிச் சக்கரவர்த்தி யூதர்களை ஆள அனுப்பிய தேசாதிபதியின் வேஷம் என்னைப் பெற்ற அய்யாவுடையது, அவருக்கு முன்னால் அவருடைய அய்யாவுடையது. கலிலேயா நாட்டு ராசா வேஷம் அய்யாவின் தங்கையான அத்தையின் புருஷனுடையது, அவர் எனக்கு மாமா. ஆண்டவருக்கு மட்டும் ஆள் கிடையாது. அதைக் கட்ட எவனுக்கும் தகுதி இல்லை என்று மரச் சுரூபத்தைத்தான் தூக்கி வந்து நிறுத்துவார்கள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவரைக் கைதியாகப் பிடித்துத் தேசாதிபதியிடம் கொண்டுவருகிறார்கள். அவருக்குக் குற்றம் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றால் ஊர் கொந்தளிக்கிறது, சக்கரவர்த்தியிடம் கோள் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. கைதி கலிலேயாக்காரர் என்று தெரிந்ததும் தேசாதிபதிக்கு உயிர் வருகிறது. அந்த நாட்டு ராசா திருவிழாவுக்கு வந்து இங்கேதானே தங்கியிருக்கிறார், அவரே விசாரிக்கட்டும் என்று தள்ளிவிடுகிறார். ராசாவோ கேலி பேசி, பளபளவென்று ஓர் அங்கியைப் போர்த்தித் திருப்பி அனுப்பிவிடுகிறார். கடைசியில் தேசாதிபதி தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இந்தப் பாவம் என்னைச் சேராது என்று சனங்களுக்கு முன்னால் கை கழுவுகிறார். அதுவரை ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாத அந்த இரண்டு அதிகாரிகளும் அன்று முதல் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். இந்த இடம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்கள் கூடிக்கொள்ள வேறு நல்ல காரியமே அகப்படவில்லையா என்று ஆத்தாவிடம் கேட்பேன். என்னைப் பெற்றவளை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவள், வாயை மூடிக்கொண்டு செபமாலை சொல்லு என்பாள்.

எங்கள் தெருவில் நடந்ததோ நேர் தலைகீழ். ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த இரண்டு பேர் அந்த வேஷங்களாலேயே பகையாளி ஆனார்கள்.

எல்லாம் ஒரு நாற்காலியால் வந்தது. மேடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி போடுவார்கள், ஒன்று தேசாதிபதிக்கு, ஒன்று ராசாவுக்கு. இரண்டும் கோயிலில் இருந்த பழைய நாற்காலிகள்தான், சிவப்புத் துணியைப் போர்த்தினால் சிம்மாசனம். ஒரு வருஷம் மாமா பொன்னமராவதிப் பக்கம் யாரோ செட்டியார் வீட்டிலிருந்து மயில் செதுக்கிய நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதன் முதுகு ஆள் உயரம் இருந்தது. மாமா அதில் உட்கார்ந்து காலை ஆட்டியபோது சனங்கள் கைதட்டினார்கள். எதிரே கோயில் நாற்காலியில் என் அய்யா, ரோமாபுரியின் மானமே போய்விட்டது போல உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் வேஷத்தைக் கலைக்காமலே போய்க் கேட்டார்.

"என்ன மாப்பிள, ரோமாபுரிக்குக் கப்பங் கட்டுற ராசாவுக்கு அம்புட்டு ஒசரத்துல நாற்காலியா?"

"ராசான்னா ராசாதான் மச்சான்" என்றார் மாமா. "தேசாதிபதி சம்பளத்துக்கு வந்த ஆளு. இன்னைக்கு இருப்பாரு, நாளைக்கு மாத்திப்புடுவாக."

"யாரைச் சம்பளக்காரன்ங்கிறே நீ?"

நினைத்துப் பார்த்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அப்போது எங்கள் சமஸ்தானத்திலேயே புதுக்கோட்டையில் ஒரு ராஜா உண்டு, அவருக்கு மேலே வெள்ளைக்காரத் துரைத்தனமும் உண்டு. இரண்டில் யார் பெரியவர் என்று கேட்டால் தாசில்தாரே தலையைச் சொறிந்திருப்பார். அந்தப் பெரிய வழக்கைத்தான் என் அய்யாவும் மாமாவும் கோயில் வாசலில் வைத்துத் தீர்க்கப் புறப்பட்டார்கள். பேச்சு தடித்தது. அய்யாவின் பட்டு அங்கி கிழிந்தது, மாமாவின் கிரீடம் நசுங்கியது. முடிவில் மாமா, "இனிமே ஒங்க வீட்டுல நானோ என் பொஞ்சாதியோ கை நனைச்சா என்னன்னு கேளுங்க" என்றார். "ஒன் வீட்டுல நாங்க கை நனைப்போம்னு கனவு கண்டுக்கிட்டு இரு" என்றார் அய்யா.

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் சாப்பிடுவது. ஆனால் அது வெறும் சாப்பாட்டுப் பேச்சு இல்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் மனசுக்குச் சம்மதம் வருகிற வரைக்கும் பெண் வீட்டில் இலையில் உட்கார மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி, பிறகு பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். பகை வந்த வீட்டிலும் அப்படித்தான். அங்கே கை நனைத்தால் பகை தீர்ந்தது என்று அர்த்தம்.

இந்தச் சண்டையில் நசுங்கியது கிரீடம் மட்டும் இல்லை, நானும்தான். நான் பிறந்தபோதே அத்தை என்னைத் தூக்கி, இது என் மருமகள் என்று சொல்லிவிட்டாளாம். அவள் மகன், என் அத்தான், திருச்சியில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலையில் இருந்தார். கையில் எப்போதும் மையும் ஏதாவதொரு புத்தகமும் இருக்கும். நெருங்கிய உறவில் முடிப்பதற்கு பிஷப்பாகிய மேற்றிராணியாரிடம் வாங்க வேண்டிய உத்தரவுக்கு எழுதிப் போடுவதாகப் பங்குச் சாமியாரும் சொல்லியிருந்தார். நாற்காலி வந்தது, எல்லாம் நின்றது.

மூன்றாம் வருஷம் அய்யா எனக்குத் திருச்சியில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். ரயில்வேயில் வேலை, நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை வந்து கை நனைக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அத்தானைப் பிடிக்கும். இதை இந்த வயதில் சொல்ல என்ன வெட்கம்? அவரைத் தவிர வேறொருவருக்குச் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு ஒரு காலத்தை ஓட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அப்போது அதை யாரிடம் சொல்வது? என்னை யாரும் கேட்கவில்லை.

திருவிழா வேலைக்காகக் கோயில் தாழ்வாரத்தில் பெண்கள் உட்கார்ந்து உடைகளுக்கு ஜிகினா தைத்துக்கொண்டிருந்தோம். அத்தான் ராசா அங்கியைக் கொடுக்கும் சாக்கில் வந்தார். என்னோடு நேராகப் பேசினால் வம்பு என்று, பக்கத்தில் நின்ற தூணிடம் பேசுகிறவர் போலப் பேசினார்.

"இந்த ரெண்டு பேரும் கடைசியில என்ன ஆனாகன்னு தெரியுமா?"

"எந்த ரெண்டு பேரு?"

"நெசமான தேசாதிபதியும் நெசமான ராசாவும். ஒரு புத்தகத்துல படிச்சேன். தேசாதிபதி மேல சனங்க பிராது கொடுத்து, வேலையை விட்டே தூக்கி ரோமாபுரிக்கு வரச் சொல்லிட்டாக. ராசாவுக்கு இன்னும் பெரிய பட்டம் வேணும்னு ஆசை. பொண்டாட்டி சொன்னான்னு சக்கரவர்த்தியைப் பாக்கக் கப்பல் ஏறிப் போயிருக்காரு. அதுக்குள்ள இவரைப் பத்திச் சக்கரவர்த்திக்கிட்ட ஒருத்தர் கோள் மூட்டி வச்சிட்டாரு. யாருங்கிறே? பொண்டாட்டி கூடப் பொறந்தவரு!"

"அடி ஆத்தி! அங்கிட்டும் மச்சான்தானா?"

தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அத்தான் மேலே சொன்னார். பட்டம் கேட்கப் போன ராசாவின் நாட்டையே பிடுங்கி அந்த மச்சானிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கண்காணாத சீமைக்கு நாடு கடத்திவிட்டாராம் சக்கரவர்த்தி. ராசாத்தியை மட்டும், உன் அண்ணன் தம்பி முகத்துக்காக உன்னை விட்டுவிடுகிறேன், நீ உன் பிறந்த வீட்டோடு இருந்துகொள் என்றாராம். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புருஷனோடு போய்விட்டாளாம்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு அத்தையின் நினைவாகவே இருந்தது. மூன்று வருஷமாக அவள் தன் அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ஆனால் ஆண்களின் சண்டை கிணற்றடி வரைக்கும் வரவில்லை, அங்கே நாங்கள் பேசிக்கொள்வோம். மறுநாள் தண்ணீர் இறைக்கும்போது அந்த ராசாத்தியின் கதையைச் சொன்னேன். அத்தை கயிற்றைப் பிடித்தபடியே கேட்டாள்.

"பாவம், அவளுக்கு ரெண்டுல ஒண்ணுதான்னு ஆகிப்போச்சு" என்றாள். "எனக்கு ரெண்டும் வேணும்டி. புருஷனும் வேணும், அண்ணனும் வேணும். நீயும் வேணும்."

அவள் அழவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். நான்தான் கிணற்றடியில் நின்று அழுதேன்.

பாஸ்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. விசாரணைக் கட்டம் ஆரம்பித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மைதானத்தில் இன்னும் அனல் அடங்கவில்லை. மாமா மயில் நாற்காலியில் இருந்தார். அய்யா அந்த மூன்று வருஷத்தில் தன் நாற்காலிக்கு அடியில் பலகை மேல் பலகையாக அடுக்கி, ஏறுவதற்கே முக்காலி போடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து நடத்துகிற அண்ணாவி, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பரிதாபமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு அதிகாரிகளும் சிநேகிதராகிக் கட்டித் தழுவுகிற கட்டம் ஒன்று முன்பு இருந்தது. சண்டைக்குப் பிறகு அதை யாரும் ஆடுவதில்லை.

அய்யா அன்று நன்றாகப் பாடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். சனங்கள் கூச்சலிட, அவர் பலகைகளிலிருந்து இறங்கி முன்னால் வந்து, "ஏ சேவகா! கொண்டு வா தண்ணீர்!" என்று முழங்கினார். சேவகன் தாம்பாளத்தை நீட்டி, செம்பைக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. வெயில் தாளாமல் சேவகனே முன்னதாக எல்லாத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்திருந்தான். செம்பை உதறிப் பார்த்தான், உள்ளே எட்டிப் பார்த்தான். அய்யா இன்னொரு தரம் முழங்கினார். அண்ணாவி அதே அடியைத் திரும்ப வாசித்தார். கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. பாஸ்கு நேர்ச்சைக்கு ஆடுவது, இடையில் நிறுத்தக் கூடாது. கை கழுவாமல் தீர்ப்பும் சொல்ல முடியாது.

பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்த அத்தை எழுந்தாள். மாமா தொண்டை நனைத்துக்கொள்வதற்காக அவள் வீட்டிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு, மேடையில் ஏறிவிட்டாள். எங்கள் ஊர் பாஸ்கு மேடையில் அதற்கு முன் ஒரு பெண் ஏறியதே இல்லை. மாதா வேஷம் கூட மீசையை மழித்த ஆம்பளைதான். கூட்டம் கப்சிப் என்று ஆனது.

அய்யா தங்கையைப் பார்த்தார். அவர் அவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"கையை நீட்டுண்ணே" என்றாள் அத்தை. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

அய்யா கையை நீட்டினார். அத்தை தண்ணீரை ஊற்றினாள், தாராளமாக, மணிக்கட்டு வரைக்கும் நனைகிற மாதிரி. அய்யா கழுவினார். பாட வேண்டிய அடியை மறந்துவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் மேடை ஓரத்தில் நின்ற கட்டியக்காரன், சனங்களைச் சிரிக்க வைப்பதே வேலையாக இருக்கும் அந்தக் கோமாளி, கையைத் தட்டிக் கத்தினான்.

"ஊராரே கேட்டுக்கங்க! தேசாதிபதி ராசா வீட்டுல கை நனைச்சுப்புட்டாரு! ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தம் உறுதியாயிருச்சு!"

மைதானம் அதிர்ந்தது. விசில் அடித்தார்கள், துண்டைச் சுழற்றினார்கள். மயில் நாற்காலியிலிருந்து மாமா எழுந்து நின்றுவிட்டார். அய்யா கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, தீர்ப்பை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு இறங்கிப் போனார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அய்யா முகத்தில் தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடையில் இன்னும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, ஆனாலும் வேலியோரம் ஊர் ஆம்பளைகள் பாதிப் பேர் நின்றார்கள். எவனோ ஒருவன், "என்ன மாமா, கல்யாணத்துக்குப் பந்தல் எப்ப?" என்று கேட்டுவிட்டான். அய்யாவுக்கு மூக்கு விடைத்தது.

"நாடகத்துல ஊத்துன தண்ணிக்கெல்லாம் சம்பந்தம் உண்டாடா? அது வேஷம்டா! தேசாதிபதி கழுவுனான், நானா கழுவுனேன்?"

அவ்வளவு நாளும் பொறுத்திருந்த நான் அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஆத்தா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டேன்.

"நாடகத்துல போட்ட நாற்காலிக்கு மூணு வருசம் கோவிச்சுக்கிட்டீங்களேய்யா. அது மட்டும் வேஷம் இல்லையா? அந்த நாற்காலியில மாமாவா ஒக்காந்தாரு? ராசாதான ஒக்காந்தாரு? நாற்காலி நெசம்னா தண்ணியும் நெசந்தான். தண்ணி வேஷம்னா நாற்காலியும் வேஷந்தான். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வேலியோரம் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அய்யாவின் கை எண்ணெயோடு கன்னத்திலேயே நின்றுவிட்டது. அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"மச்சான்" என்று ஒரு குரல் கேட்டது. மாமா படலைத் திறந்துகொண்டு வந்திருந்தார், கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. பின்னால் அத்தை. "நாஞ் சொல்லி அவ ஊத்தல. சத்தியமா இல்ல. அவளாத்தான் ஏறுனா. ஆனா புள்ள கேக்குற கேள்வி சரியாத்தான் இருக்கு."

அய்யா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று ஆத்தா பதறிப்போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கிப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிட்டார், எண்ணெயும் சிவப்புச் சாயமும் முகமெல்லாம் வழிந்தது.

"அந்த சேவகன் பய செம்புக்குள்ள எட்டிப் பாத்தாம் பாரு" என்றார். மாமாவுக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து வேலியோரம் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"எலையைப் போடு" என்றார் அய்யா ஆத்தாவிடம். "மாப்பிள கை நனைக்கட்டும்."

வீட்டில் அன்று மிளகு ரசமும் கத்திரிக்காய்ப் பொரியலும்தான். மாமா மூன்று தரம் சோறு வாங்கினார். அத்தை தன் அண்ணன் வீட்டு அடுப்படிக்குள் போய், எந்தச் சட்டி எங்கே இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. திங்கட்கிழமை இன்னும் அப்படியே இருந்தது. இரண்டு பேர் கூடிக்கொண்டார்கள் என்பதற்காக எனக்கு விடுதலை என்று அர்த்தமா? பாஸ்குவில் அவர்கள் கூடிக்கொண்ட பிறகும் கைதி கைதியாகத்தானே இருந்தார்.

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த என்னை அய்யா நிமிர்ந்து பார்த்தார். காதோரத்தில் சாயம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"ஒங்க அத்தை ஊத்துன தண்ணியெல்லாம் இருக்கட்டும். ஊர்ல கத்துனவன் கத்தட்டும். அந்தப் பயல ஒனக்குப் பிடிச்சிருக்கா? எனக்காகச் சொல்ல வேணாம், இவுகளுக்காகவும் சொல்ல வேணாம்."

ஆத்தா என் சார்பாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அய்யா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிறந்தது முதல் அதுவரை அவர் என்னை இது வேண்டுமா, அது வேண்டுமா என்று கேட்டதில்லை. தீபாவளிக்குச் சிற்றாடை எடுக்கும் இந்து வீட்டுப் பெண்களிடமாவது நிறம் கேட்பார்கள், எனக்குக் கிறிஸ்மஸ் பாவாடை வெட்டித் தைத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு காலால் தரையைக் கீற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் குனியவில்லை.

"பிடிச்சிருக்குய்யா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எதிர்வீட்டு வாசலில் யாரோ இருமினார்கள்.

அய்யா இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"அப்ப நான் காலைப் பூசை முடிஞ்சதும் மொத மோட்டாருக்குத் திருச்சிக்குப் போறேன். நல்ல மனுசங்க, வந்து ஏமாந்து போகக் கூடாது. என் மக வேற எடத்தைச் சொல்லிட்டான்னு நானே நேர்ல சொல்லிட்டு வாரேன்."